மௌனம் சம்மதமா? அந்தரங்கம் விலைப்பொருளான வரலாறு

‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்னும் பழமொழி நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவருவது. பெண்கேட்டு வந்தோர் முன்னே தலைகுனிந்து நின்றவளின் வாயடைப்பை அவளது விருப்பமாகக் கொண்ட ஒரு சமுதாயத்தின் வசதிக்காகப் பிறந்த மொழி அது. பேச உரிமையற்றோரின் மௌனத்துக்குப் பேச உரிமையுள்ளோர் தமக்கு உகந்தவாறு பொருள் கூறினர் என்பதே அதன் உள்ளுறை. மணவீட்டிலே அம்மொழி மதிப்பிழந்துவருகின்றது. ஆயின், உலக வர்த்தகத்திலே அது கடந்த நூறு ஆண்டுகளாக ஒரு தொழில்முறையாகவே வளர்ந்து நிற்கின்றது. அவ்வளர்ச்சியின் ஒரு கிளையை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

இணையத்திலே அந்தரங்கக் காப்புச் சேவை என்ற பெயரில் இன்று பல பண்டங்கள் விற்கப்படுகின்றன. நாம் எங்கிருந்து எத்தளத்துக்குச் செல்கின்றோம் என்பதை மறைக்கும் வி.பி.என். ஒன்று. தரவுத் தரகர்களின் பட்டியல்களிலிருந்து நம் பெயரையும் விலாசத்தையும் அகற்றித் தருவதாகக் கூறும் சேவை இன்னொன்று. நம் பெயரில் வேறெவரேனும் கடன் பெறுகின்றனரோ எனக் காவலிருப்பதாகச் சொல்லும் சேவை மற்றொன்று. இவற்றிலே சேருவதற்குச் சில நிமிடங்கள் போதும். முதன்மாதம் இலவசம், அல்லது முதலாண்டு அரை விலை. கடனட்டை இலக்கத்தைக் கொடுத்தவுடன் கதவு திறந்துவிடுகின்றது. விலக விரும்பும்போதுதான் அக்கதவுக்கு உட்புறத்தில் கைபிடி இல்லை என்பது தெரியவருகின்றது. கைத்தொலைபேசியிலிருந்து செயலியை அகற்றினாற் சந்தா நிற்பதில்லை. கணக்கையே அழித்தாலும் சில இடங்களில் அறவீடு தொடர்கின்றது. செயலிக் கடை வழியாகச் சேர்ந்தவர் அக்கடையிலேயே நிறுத்தவேண்டும். கம்பனியின் தளத்திலே தேடிப் பயனில்லை. வேறு சில கம்பனிகள் சேர்வதற்கு இணையத்தையும் விலகுவதற்கு ரெலிபோனையும் விதித்துள்ளன. அந்த ரெலிபோனுக்கோ அலுவலக நேரம் உண்டு, நீண்ட காத்திருப்பும் உண்டு. இவற்றையெல்லாம் கடந்து செல்பவரை, ‘நீங்கள் விலகினால் உங்கள் விபரங்கள் திருடர் கையிற் சிக்கும்’ என்ற அச்சுறுத்தல் எதிர்கொள்கின்றது.

இதனை வாங்குபவரின் கவனக்குறைவு என்று சிலர் தள்ளிவிடுவர். வேறு சிலர் ஏதோவொரு கம்பனியின் கயமை என்பர். இவ்விரு விளக்கங்களும் நிகழ்ச்சியின் வரலாற்றைக் காணத் தவறுகின்றன. ஒரே தந்திரம் பல கம்பனிகளில், பல நாடுகளில், பல தலைமுறைகளாகத் திரும்பத் திரும்பத் தோன்றுமாயின், அதற்குத் தனிமனித குணங்களுக்கு அப்பாற்பட்ட காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணத்தை அறிய இரு வரலாறுகளைத் தொடரவேண்டியுள்ளது. உரிமையாய் இருந்த அந்தரங்கம் எவ்வாறு விலைப்பொருளாயிற்று என்பது ஒன்று. மௌனம் எவ்வாறு சம்மதமாயிற்று என்பது மற்றையது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். 1888ஆம் ஆண்டு கோடக் கம்பனியின் கையடக்கப் படப்பிடிப்புக் கருவி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதே காலத்தில் பிறர் வீட்டுச் செய்திகளை அச்சேற்றி விற்கும் பத்திரிகைகளும் பெருகின. இவற்றுக்கு எதிர்வினையாக 1890இல் சாமுவேல் வாரன், லூயிஸ் பிரண்டைஸ் என்னும் பொஸ்ரன் நகரச் சட்டவல்லுநர் இருவர் ஹார்வர்ட் சட்ட சஞ்சிகையிலே அந்தரங்க உரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினர். தனித்து விடப்படுவதற்கு மனிதனுக்கு உரிமையுண்டு என்பதும், அவ்வுரிமை சொத்துரிமையினின்றும் வேறுபட்டது என்பதும் அவர்களது வாதம். வசதி படைத்தோரின் வரவேற்பறைகளைக் காக்கும் நோக்கம் அதில் இருந்தது உண்மையே. எனினும், அந்தரங்கம் என்பது விலைகொடுத்துப் பெறுவதன்று, ஆளுமையோடு பிறப்பது என்ற கருத்து சட்ட உலகில் அழுத்தமாகப் பதிந்தமை அக்கட்டுரையினாலேயே.

இக்கருத்து நூலகங்களில் வளர்ந்துகொண்டிருந்தபோது, கடைத்தெருவிலே வேறொன்று வளர்ந்தது. நம்மூர்ப் பலசரக்குக் கடைகளிலே கடன் கொப்பி இருப்பதை எவரும் அறிவர். யார் எவ்வளவு கடன், யார் ஒழுங்காகத் திருப்பிக் கொடுப்பவர் என்பது முதலாளியின் மனத்திலும் கொப்பியிலும் இருக்கும். அமெரிக்காவின் ரென்னசி மாநிலத்திலே பலசரக்கு வணிகரான கேற்றர் வூல்ஃபோட் என்பவர், வாடிக்கையாளரின் கடன் ஒழுக்கம் பற்றிய விபரங்களைத் திரட்டி ஏனைய வணிகருக்கு விற்கலாம் என்பதைக் கண்டார். 1899இல் தம் சகோதரருடன் சேர்ந்து அற்லாந்தாவிலே சில்லறைக் கடன் கம்பனியைத் தொடங்கினார். ஒரு தெருவின் கொப்பி ஒரு தேசத்தின் கொப்பியாயிற்று. காலப்போக்கிலே கடன் விபரத்தோடு குடிப்பழக்கம், குடும்பச் சச்சரவு, அயலாரின் வம்புப்பேச்சு ஆகியனவும் அதிலே பதியப்பட்டன. தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பதைப் பார்க்கும் உரிமைகூடப் பதியப்பட்டவனுக்கு இருக்கவில்லை. இது பொறுக்கமுடியாத நிலையை எய்தியபோதுதான் 1970இல் அமெரிக்கக் காங்கிரஸ் கடன் அறிக்கைகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றியது. 1975இல் அக்கம்பனி தன் பெயரை மாற்றிக்கொண்டது. எக்குவிஃபக்ஸ் என்று இன்று உலகறிந்த கம்பனி அதுவே. இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். பின்னர் மீண்டும் வரும்.

இனி மௌனத்தின் வரலாற்றுக்கு வருவோம். வர்த்தகச் சட்டம் தொடக்கத்தில் மௌனத்தைச் சம்மதமாக ஏற்கவில்லை. 1862இல் இங்கிலாந்திலே தீர்க்கப்பட்ட ஃபெல்ற்கவுஸ் எதிர் பிண்ட்லி என்ற வழக்கைச் சட்டம் பயிலும் மாணவர் எவரும் அறிவர். ஒரு மாமன் தன் மருமகனின் குதிரையை வாங்க விரும்பி, பதில் வராவிடின் 30 பவுண் 15 சிலிங்குக்குக் குதிரை தனதாகிவிட்டதாகக் கொள்வேன் என்று கடிதம் எழுதினான். மருமகன் பதில் எழுதவில்லை. குதிரையை ஏலக்காரன் தவறுதலாக விற்றுவிட, மாமன் வழக்காடினான். மௌனத்தினால் உடன்படிக்கை உண்டாகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. ஒருவன் தானே ஒரு நிபந்தனையை எழுதி, மறுக்கவேண்டிய சுமையை மற்றவன் தலையில் ஏற்ற முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். எவ்வளவு தெளிவான நீதி!

இந்நீதியைச் சுற்றிச் செல்லும் வழியை வர்த்தகம் நூற்றாண்டொன்று கழியுமுன்னரே கண்டுபிடித்தது. அதுவும் புத்தகத்தின் பெயரால் நிகழ்ந்தது என்பது இலக்கிய அன்பர்களாகிய நமக்கு வருத்தந்தரும் செய்தி. 1926இல் நியூயோர்க்கிலே ஹரி ஷெர்மன், மக்ஸ்வெல் சக்கெய்ம், றொபேட் ஹாஸ் ஆகியோர் மாதம் ஒரு நூல் சங்கத்தைத் தொடங்கினர். நல்ல நூல்களைக் கடைகளற்ற சிற்றூர்களுக்கும் தபாலிற் கொண்டுசென்ற வகையிலே அச்சங்கம் செய்த பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. முதல் நூல் 4,750 அங்கத்தவர்களுக்கு அனுப்பப்பட்டது. விரும்பாதோர் நூலைத் திருப்பியனுப்பலாம் என்பது தொடக்கத்தில் இருந்த ஏற்பாடு. திரும்பிவந்த நூற்கட்டுகள் இலாபத்தை விழுங்கத் தொடங்கின. அதன்மேல் ஒரு புதுமுறை வகுக்கப்பட்டது. அடுத்த மாத நூல் இன்னதென முன்கூட்டியே அறிவித்தல் வரும். வேண்டாமெனில் அதனோடு வரும் அட்டையை நிரப்பிக் குறித்த நாளுக்குள் அனுப்பவேண்டும். அட்டை வராவிடின் நூல் வரும், விலைச்சிட்டையும் வரும்.

ஃபெல்ற்கவுஸ் வழக்கின் நீதிக்கு இங்கு நேர்ந்தது என்ன என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. சேரும்போதே அங்கத்தவன், ‘இனிமேல் என் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாம்’ என்று கையெழுத்திட்டுவிடுகின்றான். சட்டம் திருப்தியடைந்துவிட்டது. ஒருமுறை கூறிய ‘ஆம்’ பின்வரும் எல்லா மாதங்களுக்கும் முன்கூட்டியே கூறிய ‘ஆம்’ ஆகிவிட்டது. வாங்குவதற்கு முயற்சி தேவையென்றிருந்த உலகில், வாங்காதிருப்பதற்கு முயற்சி தேவையாயிற்று. மனிதனின் மறதி, அலுப்பு, நோய், வேலைப்பளு, தபாற் சுணக்கம் ஆகிய யாவும் அன்று முதல் விற்பனையாளனின் மூலதனமாயின.

1955இல் கொலம்பியா இசைத்தட்டுச் சங்கம் இம்முறையை இசைக்குக் கொண்டுசென்றது. வேறு பல பண்டங்களும் தொடர்ந்தன. மக்களின் முறைப்பாடுகள் குவிந்தபின், 1970ஆம் ஆண்டின் அமெரிக்கத் தபாற் சட்டம், கேளாமல் அனுப்பப்பட்ட பொருளைப் பெற்றவர் அன்பளிப்பாகவே வைத்துக்கொள்ளலாம் என்று விதித்தது. அடுத்த ஆண்டில் பிரித்தானியாவும் அத்தகைய சட்டமொன்றை இயற்றியது. 1973இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, இத்தகைய சங்கங்கள் அங்கத்தவருக்கு மறுப்புத் தெரிவிக்கக் குறைந்தது 10 நாள் அவகாசம் கொடுக்கவேண்டும் என்ற விதியைப் பிறப்பித்தது. ஆனால், இவ்விதி மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் முறையை ஒழித்துவிடவில்லை. அதற்கு ஒழுங்கான நாட்கணக்கு வகுத்து, சட்டத்தின் நிழலில் அமர்த்திவைத்தது.

இவ்விரு வரலாறுகளும் கடனட்டையும் இணையமும் பரவியபோது ஒன்றுகலந்தன. முன்னர் நூல் வந்துசேர்ந்ததும் விலைச்சிட்டைக்குப் பணம் அனுப்பவேண்டியிருந்தது. அனுப்பாதிருத்தல் சந்தாதாரனின் கடைசி ஆயுதம். அட்டை இலக்கம் கம்பனியின் கையில் இருக்கும்போது அந்த ஆயுதமும் பறிபோயிற்று. பணம் தானாகவே போகின்றது. பொருள் கண்ணுக்குத் தெரியும் நூலாகவோ இசைத்தட்டாகவோ இல்லாமல், ‘காவல்’ என்ற அருவப் பண்டமாக இருக்குமாயின், அது வந்ததா வரவில்லையா என்பதைக்கூட வாங்கியவன் அறியான். களவு நடக்காத மாதத்திலே காவலாளி விழித்திருந்தானா உறங்கினானா என்பதை யார் சொல்வது? ஆகவே, மறந்துபோன சந்தாவுக்கு அந்தரங்கக் காவலைப் போன்று பொருத்தமான பண்டம் வேறில்லை.

சில நிகழ்ச்சிகள் இதனை விளக்கும். 2003இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, அமெரிக்கர் ஒவ்வொருவரும் தம் கடன் அறிக்கையை ஆண்டுக்கொருமுறை இலவசமாகப் பெறும் உரிமையை அளித்தது. அவ்வுரிமையின் பெயரையே தூண்டிலாக்கி, எக்ஸ்பீரியன் குழுமத்தைச் சேர்ந்த கம்பனியொன்று ‘இலவசக் கடன் அறிக்கை’ என்று விளம்பரஞ் செய்தது. அறிக்கையைக் கேட்டு அட்டை இலக்கம் கொடுத்தவர்கள் 30 நாட்களுக்குள் மறுக்காவிடின், ஆண்டுக்கு 79.95 டொலர் அறவிடும் கண்காணிப்புச் சேவையின் சந்தாதாரராயினர். 2005இல் வர்த்தக ஆணைக்குழுவுடன் ஏற்பட்ட இணக்கத்தின்படி அக்கம்பனி 950,000 டொலர் செலுத்தியது. முதலாவது உத்தரவை மீறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 2007இல் மேலும் 300,000 டொலர் செலுத்தியது. அரசு இலவசமாக அளித்த உரிமையே தனியார் சந்தாவின் வாயிலாக மாறியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

2009இல் அமெரிக்கச் செனற் சபையின் வர்த்தகக் குழு வெளியிட்ட அறிக்கை இன்னும் பெரியதோர் அமைப்பை வெளிப்படுத்தியது. இணையக் கடையிலே ஒருவர் பூச்செண்டோ பயணச்சீட்டோ வாங்கி முடிக்குந் தறுவாயில், 10 டொலர் மீளக் கிடைக்கும் என்றொரு சாளரம் தோன்றும். அதில் மின்னஞ்சல் விலாசத்தை எழுதினாற் போதும். அவரது அட்டை இலக்கத்தை அக்கடையே மூன்றாவது கம்பனியொன்றுக்குக் கைமாற்றிவிடும். மாதந்தோறும் சிறுதொகை அறவிடப்படும். அஃபினியன், வெர்ற்று, வெப்லோயல்ற்றி என்னும் மூன்று கம்பனிகள் 450க்கும் மேற்பட்ட இணையக் கடைகளோடு கூட்டுச் சேர்ந்து 1.4 பில்லியன் டொலருக்கு மேல் மக்களிடமிருந்து பெற்றிருந்தன என்று அக்குழு கண்டது. இவற்றுள் அஃபினியன் விற்றுவந்த பண்டங்களில் ஒன்றன் பெயரே அந்தரங்கக் காவலன் எனப் பொருள்படும் ‘பிறைவசிகார்ட்’ என்பது! தம் அட்டை விபரம் தம்மை அறியாமற் கைமாறுவதே இத்தொழிலின் அடித்தளம். அத்தளத்தில் நின்றுகொண்டு அந்தரங்கப் பாதுகாப்பையும் விற்க ஒரு கம்பனியால் முடிந்தது என்றால், முரண்பாட்டை விளக்க நமது உரை தேவையில்லை. 2010 டிசெம்பரில் நிறைவேறிய சட்டம் இக்கைமாற்றைத் தடைசெய்ததோடு, விலகுவதற்கு எளிய வழி இருத்தல் வேண்டுமெனவும் விதித்தது.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில் லைஃப்லொக் என்ற கம்பனியின் கதை வெளிவந்தது. அதன் தலைவர் தமது சமூகக் காப்புறுதி இலக்கத்தையே விளம்பரங்களிற் பொறித்து, எங்கள் காவல் அத்துணை உறுதியானது என்று மார்தட்டியவர். வாடிக்கையாளருக்கு அளித்த உறுதிமொழிகள் பொய்யென்றும், அவர்களிடம் திரட்டிய விபரங்களைக் கம்பனி தானே பாதுகாப்பாக வைத்திருக்கவில்லை என்றும் குற்றஞ்சாட்டப்பட்டு, அது 12 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. அவ்வுத்தரவை மீறியமை தொடர்பில் 2015இல் மேலும் 100 மில்லியன் டொலர் செலுத்தியது. இதற்கு முன்னரே, 2009 யூனில், வைரசுக் காப்பு மென்பொருள் விற்கும் சைமன்ரெக், மக்கஃபி ஆகிய இரு கம்பனிகளும் சந்தாதாரர் அறியாமற் சந்தாவைப் புதுப்பித்தமை தொடர்பாக நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபருக்குத் தலா 375,000 டொலர் செலுத்தியிருந்தன.

இவ்விடத்தில் எக்குவிஃபக்ஸ் மீண்டும் மேடைக்கு வருகின்றது. 2017 ஜனவரியிலே அக்கம்பனியும் ட்ரான்ஸ்யூனியனும், இலவசம் அல்லது ஒரு டொலர் என்று கூறி மக்களைச் சேர்த்து, பின்னர் மாதம் 16 டொலரோ அதற்கு மேலோ அறவிட்டமை முதலிய குற்றச்சாட்டுகளுக்காக நட்டஈடும் தண்டமுமாக 23 மில்லியன் டொலருக்கு மேற் செலுத்துமாறு உத்தரவிடப்பட்டன. அவ்வாண்டு செப்ரெம்பரிலே எக்குவிஃபக்சின் களஞ்சியமே உடைக்கப்பட்டது என்ற செய்தி வெளியாயிற்று. ஏறத்தாழ 147 மில்லியன் மக்களின் விபரங்கள் பறிபோயின. விபரங்களைச் சேர்த்தவனும் அவனே, காவலை விற்றவனும் அவனே, பறிகொடுத்தவனும் அவனே. பறிபோன பின்னர் அவன் மக்களுக்கு அளித்த ஆறுதலோ, தன் கண்காணிப்புச் சேவையை ஓராண்டுக்கு இலவசமாகத் தருகிறேன் என்பது!

இது தனியொரு கம்பனியின் விசித்திரமன்று. 2024 மார்ச்சிலே பத்திரிகையாளர் பிறையன் கிறெப்ஸ், தரகர் பட்டியல்களிலிருந்து பெயர்களை அகற்றும் ஒன்ரெப் என்ற சேவையின் தலைவரே ஆட்களைத் தேடிக்கொடுக்கும் பல தளங்களைத் தோற்றுவித்தவர் என்பதை வெளிப்படுத்தினார். ஒரு மாதத்துக்கு முன்னர்தான் மொசில்லா நிறுவனம் அச்சேவையைத் தன் கட்டணச் சேவையோடு இணைத்திருந்தது. நோயையும் மருந்தையும் ஒரே கை விற்குமாயின், நோய் நீங்குவதிலே அக்கைக்கு என்ன அக்கறை இருக்கமுடியும்?

இனி, வெளியேறும் வாயிலைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அங்கே நம்மைத் தடுத்து நிற்கும் மனிதன் யார்? 2005 ஆகஸ்டிலே ஏ.ஓ.எல். என்ற இணையக் கம்பனி நியூயோர்க் மாநிலத்துக்கு 1.25 மில்லியன் டொலர் செலுத்தி ஒரு விசாரணையை முடித்துக்கொண்டது. சந்தாவை நிறுத்தக் கோரி அழைத்தவர்களை மனம்மாற்றித் ‘தக்கவைக்கும்’ ஊழியருக்கு அக்கம்பனி ஊக்கப்பணம் கொடுத்துவந்தது என்பதும், அழைப்போரில் ஏறத்தாழ அரைப்பங்கினரைத் தக்கவைக்கவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது என்பதும் அவ்விசாரணையில் வெளிவந்தன. ரெலிபோனின் மறுமுனையில் நம்மோடு வாதாடுபவன் நமக்குப் பகைவனல்லன். தன் குடும்பத்தின் வருவாய் நம் ‘வேண்டாம்’ என்ற சொல்லினாற் குறையும்படி அமைக்கப்பட்ட தொழிலாளி அவன். உழைக்கும் ஒருவனை உழைக்கும் இன்னொருவனுக்கு எதிரே நிறுத்திவிட்டு, இருவர் கண்ணுக்கும் படாமல் இலாபம் பெறுவது பழைய வழக்கம். நம்முடைய சினம் அவ்வூழியன் மீது கொட்டித் தீர்ந்துவிடுவதும் அமைப்பின் நன்மைக்கே.

பின்னர் அத்தொழிலாளியும் தேவையற்றவனானான். அவன் வாதம் முழுவதும் திரையிலே பொத்தான்களாகவும் கேள்விகளாகவும் மாற்றப்பட்டது. 2010இல் ஹரி பிறிக்னல் என்ற வடிவமைப்பாளர் இத்தகைய ஏற்பாடுகளுக்கு ‘இருள் வடிவங்கள்’ என்று பொருள்படும் பெயரிட்டார். அமசன் கம்பனி தன் ‘பிறைம்’ சந்தாவிலிருந்து விலகும் வழிக்குத் தன் அலுவலகத்துக்குள்ளே வைத்திருந்த பெயர் ‘இலியட்’. திரோய் நகர முற்றுகையைப் பாடும் கிரேக்கப் பெருங்காப்பியத்தின் பெயர் அது. விலகுவதற்கு நான்கு பக்கங்கள், ஆறு அழுத்தல்கள், பதினைந்து தெரிவுகள் என்று வர்த்தக ஆணைக்குழு 2023 யூனில் தாக்கல்செய்த வழக்கிற் கூறியது. 2025 செப்ரெம்பரில் அமசன் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, தண்டமாக ஒரு பில்லியன் டொலரும் வாடிக்கையாளருக்கு மீளளிப்பாக 1.5 பில்லியன் டொலரும் செலுத்த இணங்கியது. அமசனின் சந்தா அந்தரங்கக் காவலன்று. எனினும், வழியை அமைத்தோரே அதற்குக் காப்பியப் பெயர் சூட்டியிருந்தனர் என்பது, இச்சிக்கல்கள் தற்செயலாக நேர்வன என்ற வாதத்துக்குப் போதிய விடையாகும்.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதத்தை நேர்மையோடு நோக்கவேண்டும். தொடர்ந்து வரும் சேவைக்கு மாதந்தோறும் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? மின்சாரம், குடிநீர், பத்திரிகை ஆகியன மௌனத்தின் பேரில் தொடர்வனவன்றோ? உண்மையே. இதுபோன்ற இலக்கியச் சஞ்சிகைகளும் சந்தாவினாலேயே மூச்சுவிடுகின்றன. சந்தா என்ற சொல்லிலே நம்பிக்கையும் கூட்டுறவும் உண்டு. ஆயின், சந்தா முடிந்த வாசகன் புதுப்பிக்காவிடிற் சஞ்சிகை நின்றுபோகுமேயன்றி, அவன் சட்டைப்பைக்குள் ஆசிரியர் கைவிடுவதில்லை. தொடர்வது குற்றமன்று. நுழைவதற்கு ஓர் அளவும் வெளியேறுவதற்கு வேறோர் அளவும் வைத்து, அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வருவாயாகக் கணக்கிடுவதே குற்றம்.

இந்த வேறுபாட்டை ஒழிப்பதற்குச் சட்டங்கள் முயன்றுள்ளன. இணையத்திற் சேர்ந்தவர் இணையத்திலேயே விலக வழியிருக்கவேண்டும் என்ற கலிபோர்ணிய மாநிலச் சட்டம் 2018 யூலையில் நடைமுறைக்கு வந்தது. 2022 யூலை முதலாந் திகதியிலிருந்து ஜேர்மனியிலே விலகற் பொத்தான் கண்ணுக்குத் தெரியும்படி தளத்தில் இருத்தல் கட்டாயமாயிற்று. பிரான்ஸ் 2023இல் அதனைப் பின்பற்றியது. இந்தியா 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் 13 வகை இருள் வடிவங்களைப் பட்டியலிட்டுச் சந்தாப் பொறியையும் அவற்றுள் ஒன்றாகத் தடைசெய்தன. அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவும் 1973ஆம் ஆண்டு விதியைத் திருத்தி, சேருவது எவ்வளவு எளிதோ விலகுவதும் அவ்வளவு எளிதாதல் வேண்டுமென்று 2024 ஒக்டோபரில் விதித்தது. வர்த்தகச் சங்கங்கள் வழக்காடின. விதி முழுமையாக நடைமுறைக்கு வருவதற்குச் சில நாட்களே இருக்க, 2025 யூலை 8ஆந் திகதி எட்டாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இரத்துச் செய்தது. ஆணைக்குழு செய்யவேண்டிய பொருளாதார முன்னாய்வைச் செய்யவில்லை என்ற நடைமுறைக் காரணமே கூறப்பட்டது. விதியின் நியாயம் அங்கே தோற்கவில்லை. ஆயினும் மக்களுக்குக் கிடைக்கவிருந்தது கிடைக்கவில்லை.

ஆனால், விலகும் வாயிலைச் சீர்செய்வதோடு நமது சிந்தனை நின்றுவிடலாகாது. அந்தரங்கக் காவலை ஏன் விலைக்கு வாங்கவேண்டும் என்ற கேள்வியே அடிப்படையானது. இதற்கு அண்மைக்கால வரலாறு தெளிவான விடையொன்றைத் தருகின்றது. இணையத்திலே ஒரு தளப்பெயரைப் பதிவுசெய்தவரின் பெயர், விலாசம், ரெலிபோன் இலக்கம் ஆகியன முன்னர் எவரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் இருந்தன. அவற்றை மறைத்துத் தருவதற்குப் பதிவுக் கம்பனிகள் ஆண்டுக் கட்டணம் அறவிட்டன. 2018 மே 25ஆந் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அமைவாகப் பதிவேட்டில் தனிமனிதரின் விபரங்கள் மறைக்கப்பட்டன. பல ஆண்டுகளாக விற்கப்பட்ட பண்டம் பெருமளவு தேவையற்றதாயிற்று. அதே ஆண்டு செப்ரெம்பரில் அமெரிக்காவிலும் அத்தகைய மாற்றமொன்று நிகழ்ந்தது. தன் கடன் அறிக்கையை அந்நியர் திறக்காதபடி முடக்கிவைப்பதற்குப் பல மாநிலங்களில் அறவிடப்பட்ட கட்டணத்தைக் கூட்டாட்சிச் சட்டம் ஒழித்தது. மாதச் சந்தாவுக்கு விற்கப்பட்ட கண்காணிப்பு, களவு நடந்தபின் செய்தி சொல்வது. இலவச முடக்கமோ களவுக்கு முன்னரே கதவடைப்பது.

தரவுத் தரகர் விடயத்திலும் இப்போக்கே தெரிகின்றது. நுகர்வோர் அமைப்பான கன்சியூமர் றிப்போர்ட்ஸ் 2024இல் வெளியிட்ட ஆய்விலே, பணமின்றி ஒருவர் தாமே அனுப்பிய நீக்கற் கோரிக்கைகள் நூற்றுக்கு 70 அளவிற் பயனளித்தன. ஆய்வுக்குட்பட்ட கட்டணச் சேவைகளில் எதுவும் அதனை விஞ்சவில்லை. 2023 ஒக்டோபரிலே கலிபோர்ணியா இயற்றிய நீக்கற் சட்டத்தின்படி, பதிவுபெற்ற தரகர் அனைவருக்கும் ஒரே கோரிக்கையை இலவசமாக அனுப்புவதற்கான அரச தளம் 2026 ஜனவரியிலே திறக்கப்பட்டது. அக்கோரிக்கைகளைத் தரகர்கள் 2026 ஆகஸ்ட் முதல் நிறைவேற்றத் தொடங்கவேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. எங்கே உரிமை சட்டமாகின்றதோ, அங்கே பண்டம் கரையத் தொடங்குகின்றது. எங்கே உரிமை மறுக்கப்படுகின்றதோ, அங்கே பண்டம் செழிக்கின்றது. அந்தரங்கக் காப்புச் சேவைகளின் பெருக்கம் அந்தரங்கத்தின் வளர்ச்சியைக் காட்டுவதன்று. குடிநீர்க் குழாய் வராத ஊரிலே தண்ணீர் வண்டிகள் பெருகுவதைப் போன்றது அது.

இன்று அகப்பட்டிருப்போருக்குச் சொல்லத்தக்கன சில உண்டு. சேரும் நாளிலேயே விலகும் வழியைத் தேடிப் பார்க்கவேண்டும். விலகற் கோரிக்கையை எழுத்தில் அனுப்பி, திகதியோடு பிரதியை வைத்திருக்கவேண்டும். செயலியை அகற்றுதலைச் சந்தா நிறுத்துதலாகக் கருதலாகாது. விலகிய பின்னும் அறவீடு தொடருமாயின், அப்பிரதியோடு வங்கியில் ஆட்சேபம் தெரிவிக்கவேண்டும். ஆயினும், இவை நனைந்துகொண்டிருப்பவனுக்குக் குடை. கண் மங்கிய முதியவரும், ஆங்கிலம் அறியாதவரும், இரட்டை வேலை செய்து களைத்தவரும் இக்குடையைப் பிடிக்க இயலாதவர்கள். இம்முறை உயிர்வாழ்வது பெரும்பாலும் அவர்களின் மௌனத்திலேயே. 1970, 1973, 2010, 2018, 2022 என்று நாம் கண்ட ஆண்டுகளுள் ஒன்றிலேனும் நிவாரணம் தனிமனிதரின் விழிப்பினால் மட்டும் வரவில்லை. முறைப்பாடுகள் ஒன்றுசேர்ந்து விசாரணையாகி, விசாரணை சட்டமானபோதே வந்தது.

குதிரையை இழந்த அந்த மாமனுக்கு 1862இல் நீதிமன்றம் கூறிய நியாயம் இன்னும் பழையதாகிவிடவில்லை. பேசாதவன் ஒப்புக்கொண்டவனல்லன். அந்நியாயத்தைத் திரைகளுக்கும் பொத்தான்களுக்கும் உரிய சட்டமாக்குவதும், அந்தரங்கத்தை விற்பனைப் பட்டியலிலிருந்து மீட்டு உரிமைப் பட்டியலில் மீண்டும் எழுதுவதும் இக்காலத்து மக்கள் இயக்கங்களின் கடமைகளுள் ஒன்று. அதற்கு முதற்படியாக, ஏமாந்தவர் வெட்கத்தினால் மௌனமாயிருத்தலை நாம் கைவிடவேண்டும்.